காரின் உடம்பெல்லாம் மைனஸ்

"காருக்குள்ளை லைற் இருக்கோ?" என்று டிலக்ஷி அக்கா கேட்டபோது அண்ணை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஓம், இருக்கு. நீலம், ஊதா, என்ன நிறமெண்டாலும் மாத்தலாம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் காருக்குள் இருந்தது கூரையில் ஒரு மஞ்சள் பல்பு மட்டும். அதுவும் கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினால்தான் எரியும்.

டிலக்ஷி அக்காவின் வீடு எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி. சனிக்கிழமை பின்னேரம் அவவுக்கு மாதா கோயிலில் கலியாணம். பூசை முடிந்து மண்டபத்துக்குப் போகும்போது இருட்டிவிடும் என்றும், காருக்குள் வெளிச்சம் இருந்தால்தான் முகம் விழும் என்றும் வீடியோக்காரர் சொல்லியிருந்தாராம்.

"இல்லையெண்டா இப்பவே சொல்லு எமில்" என்றா அவவின் தாய் றோஸ் அன்ரி. "டவுனிலை லைற் போட்ட கார் எத்தினை நிக்குது. பக்கத்து வீட்டுப் பெடியன் எண்டுதான் முதல் உன்னட்டை வந்தனாங்கள்."

"இருக்கு அன்ரி. நீங்கள் யோசிக்காதேங்கோ."

அவர்கள் போனதும் அண்ணை குசினிக்குள் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ஜெசி, உன்னாலை ஏலும்தானே?"

அன்று புதன்கிழமை.

அண்ணை எமில்ராஜ் கடல்காரனின் மகன். ஆனால் கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பாவோடு போன ஒவ்வொரு நாளும் போட்டின் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தான். எங்கள் ஊர் குருநகரில் இதைவிடப் பெரிய பகிடி இல்லை. "எமில் மீனுக்குச் சாப்பாடு குடுக்கப் போறான்" என்று கரையில் நின்று கத்துவார்கள். அதனால்தான் அந்தப் பழைய வெள்ளைக் கார். கலியாணத்துக்கு ஓடக் கிடைத்தது அவனுக்கு இதுதான் முதல். இது சரியாக நடந்தால் அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள். பிழையாய்ப் போனால் திரும்பவும் போட்.

என்னால் ஏலும் என்று அவன் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. வலை மிதவைகளில் கட்டுகிற மினுக்கு விளக்குகளை நான் திருத்துவேன். எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் பழுதான விளக்குகளை எங்கள் வாசல் படலையில் கொழுவிவிட்டுப் போவார்கள். நான் திருத்தித் திரும்பவும் படலையில் கொழுவிவிடுவேன். யாரோடும் ஒரு சொல் கதைக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்த வேலை அது. பத்தாம் வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒரு நாள் மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் பிடித்தபடியே நின்றேன். அடுத்த நாள் நான் போகவில்லை. பிறகும் போகவில்லை.

வியாழன் காலை அண்ணை டவுனுக்குப் போய் இருந்ததிலேயே மலிவான லைற் சுருள் ஒன்று வாங்கி வந்தான். ஐந்து மீற்றர் நீளம். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியும் றிமோட்டும். கடைக்காரர் சொல்லி அனுப்பியதை அவன் ஒப்புவித்தான்.

"மைனஸுக்கு வயர் இழுக்கத் தேவையில்லையாம். காரின்ரை உடம்பெல்லாம் மைனஸ்தானாம். எங்கை ஒரு ஆணி இருக்கோ அங்கை இறுக்கச் சொன்னவர். பிளஸ் மட்டும் பற்றரியிலையிருந்து வந்தாக் காணும். இதைப் பற்றரிக்குக் கிட்டப் போடட்டாம்."

'இது' என்றது ஒரு பியூஸ். விரல் நுனி அளவு கண்ணாடி, அதைப் பூட்டி வைக்கும் சின்னக் கறுப்புக் கூடு, இரண்டு பக்கமும் மெல்லிய வயர்.

உடம்பெல்லாம் மைனஸ் என்றது எனக்குப் புதினமாக இருந்தது. போட் பைபரால் செய்தது. பைபரில் மின்சாரம் ஓடாது. அங்கே ஒவ்வொரு லைற்றுக்கும் இரண்டு வயர் இழுக்க வேண்டும். இங்கே ஒரு வயர் போதும். பாதி வயர் மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

லைற் சுருளை அப்படியே ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், கடை வாசல்போல இருக்கும். மேசன்மார் மட்டம் பார்க்கிற, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று எங்கள் வீட்டின் பின்கோடிக்குள் கிடந்தது. அதை அளவுக்கு வெட்டி, வெளிப்பக்கத்தை மண் தாளால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பனிபோல வெளுத்தது. சுருளை உள்ளே தள்ளிப் பற்றரியில் தொட்டுப் பார்த்தேன். புள்ளிகள் மறைந்து ஒரே கோடாக வெளிச்சம் ஓடியது. அண்ணை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காருக்குள் கிடந்தேன். கதவுகளின் ஓரத்தில் இரண்டு குழாய், பின்சீற்றுக்கு மேலே ஒன்று, முன்சீற்றுகளின் முதுகுக்குக் கீழே இரண்டு. றிமோட்டுக்கு வேலை செய்யும் சின்னப் பெட்டியைப் பின்கண்ணாடிக்குக் கீழே ஒளித்தேன். பற்றரி முன்னால், பெட்டி பின்னால். இரண்டுக்கும் நடுவில் ஓட நீளமான வயர் வேண்டும். வாங்கியது போதவில்லை.

அப்பா அடைக்கலநாதன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"பழைய போட்டிலை கழட்டின சிவத்த வயர் கிடக்குது, எடு பிள்ளை. நல்ல தடிச்ச, மொத்த வயர். அஞ்சு வருசம் கடலிலை எரிஞ்சது."

எடுத்தேன். நுனியைச் சீவினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. உப்பு. கத்தியால் சுரண்டி முறுக்கினேன். பியூஸ் கூட்டின் மெல்லிய வயர் அந்த மொத்த வயரோடு பொருந்தவில்லை. ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும்.

"உது என்ன?" என்றார் அப்பா.

"பியூஸ்."

"போட்டிலை பியூஸ் எங்கையடி கண்டனி?" என்று சிரித்தார். "பற்றரியிலை கிளிப்பைக் கொழுவுறம், எரியுது. கரைக்கு வந்தாக் கழட்டுறம், நூருது. இத்தினை வருசத்திலை என்ன நடந்தது?"

அவர் சொன்னது உண்மைதான். போட்டில் கழற்றிய கிளிப்பையே வயரில் பூட்டி, பற்றரியின் பிளஸில் கவ்வவிட்டேன். வயரைக் காருக்குள் இழுத்து, முன்சீற்றின் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கம்பளத்தோடு ரேப் போட்டு ஒட்டிப் பின்னால் கொண்டுபோனேன். பியூஸைத் துலைத்துவிடக் கூடாது, பிறகு ஆறுதலாக ஒட்டுவோம் என்று என் செபமாலைப் பைக்குள் போட்டேன். சின்னச் சாமான்களை நான் அதற்குள்தான் போடுவது.

சனி காலை பூக்காரர் வந்து காரின் முன்மூடியான பொனற் முழுக்க வெள்ளைப் பூவும் றிபனும் ஒட்டினார்கள். பிறகு என்றது அதோடு போனது.

கோயிலில் நான் கடைசி வாங்குப் பலகையில் சுவரோடு இருந்தேன். கலியாணப் பொம்பிளை உள்ளே வந்தபோது எல்லோரும் எழும்பினார்கள். டிலக்ஷி அக்காவின் வெள்ளைக் கவுன் வாங்குகளின் நடுவே நுரைபோல விரிந்து போனது. பின்னால் நிலத்தில் இழுபடும் மெல்லிய நெற் துணி மட்டும் ஆறேழு முழம் இருக்கும்.

பூசை தொடங்கியது. நான் செபமாலையை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். செபமாலை வந்தது. அதன் சிலுவையில் சிக்கிக்கொண்டு கறுப்புக் கூடும் வந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் எதற்கு அதைப் பற்றரிக்குக் கிட்டப் போடச் சொன்னார்? போட்டில் தேவையில்லாதது காரில் ஏன் தேவை? போட்டில் வயர் எங்கே உரசினாலும் பைபரில்தான் உரசும். ஒன்றும் நடக்காது. காரில்...

காரின் உடம்பெல்லாம் மைனஸ்.

அந்தச் சிவப்பு வயர் எந்த இடத்தில் தோல் உரிந்து இரும்பைத் தொட்டாலும் பற்றரி முழுவதும் அந்த வயருக்குள்ளால் பாயும். இடையில் அறுந்து அதை நிறுத்தப் பியூஸ் இல்லை. றிமோட்டில் லைற்றை நூர்த்தாலும் வயரில் பவர் நிற்கும், பெட்டி பின்னால்தானே இருக்கிறது. நான் வயரை ஒட்டியது சீற்றின் இரும்புத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்.

மெதுவாக வெளியே போய்க் காரின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். ஓட்டும் இருக்கைக்குப் பக்கத்துச் சீற்றை டாஷ்போட்டில் முட்டும்வரை முன்னுக்குத் தள்ளியிருந்தான் அண்ணை. கவுன் வைக்க இடம் வேண்டுமே. நான் ஒட்டிய ரேப் ஒரு பக்கம் கழன்று நிமிர்ந்திருந்தது. வயர் தண்டவாளத்துக்குள் போயிருந்தது. வரும்போது அந்தச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் கார் ஒன்றும் நடக்காமல் வந்து சேர்ந்திருக்கிறது.

கதவு பூட்டியிருந்தது. திறப்பு அண்ணையிடம்.

திரும்பி உள்ளே போனேன். அண்ணை ஆண்களின் பக்கத்தில், பக்கக் கதவடியில் நின்றான். எல்லோரும் முழங்காலில் இருந்த நேரம். நான் ஒருத்தி நடந்தால் கோயில் முழுக்கப் பார்க்கும். மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு சுவரோடு சுவராகப் போனேன்.

"அண்ணை, திறப்பைத் தாங்கோ."

"ஏன்?"

"பொனற்றைத் திறக்க வேணும். பியூஸ் போடேல்லை."

"உனக்கு விசரோ? அதுக்கு மேலை பூ ஒட்டிக் கிடக்குது."

"சீற்றைத் தள்ளியிருக்கிறியள். வயர் அதுக்குக் கீழை."

"ஓடித்தானே வந்தது? ஒண்டும் நடக்கேல்லை."

முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, "பிள்ளையள், பூசை நடக்குது" என்றார். அவரோடு இன்னும் நாலைந்து முகங்கள் திரும்பின.

"பேந்து பாப்பம். ஹோலுக்குப் போனாப்பிறகு கழட்டு" என்றான் அண்ணை.

பேந்தெண்டாச் சரிவராது அண்ணை என்று சொல்ல வேண்டும். அந்த முகங்கள் முன்னுக்குத் திரும்பும்வரை நின்றேன். திரும்பியபிறகும் சொல்லவில்லை.

பூசை முடிந்து, உள்ளே படம் எடுத்து முடிய ஆறு மணி ஆகிவிட்டது. தை மாதம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் பாண்ட் வாத்தியம் அடித்தது. டிலக்ஷி அக்காவும் மாப்பிள்ளை றஞ்சித்தும் பின்சீற்றில் ஏறினார்கள். றோஸ் அன்ரி கவுனை மடித்து மடித்து உள்ளே திணித்தா. மிச்ச நெற்றை முன்சீற்றுக்குக் கீழே தள்ளினா.

மாப்பிள்ளைத் தோழன் கஜீபன் முன்னால் ஏறினார். மண்டபக் கதவளவு ஆள்.

"எமில் தம்பி, என்னை ரின்னிலை அடைச்ச மீன் ஆக்கிப்போட்டாய். வயிறு டாஷ்போட்டிலை முட்டுது. எப்பன் பின்னுக்குத் தள்ளட்டோ?"

"தள்ளடா, ஆனா என்ரை காலை விட்டிட்டுத் தள்ளு" என்றார் றஞ்சித்.

"கலியாணம் முடிஞ்சுதுதானே மச்சான். இனி உனக்குக் கால் ஏன்?"

எல்லோரும் சிரித்தார்கள். கஜீபன் காலை ஊன்றிச் சீற்றோடு ஒரு தள்ளுத் தள்ளினார். 'கிறிச்' என்று தண்டவாளம் ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. பாண்ட் சத்தத்துக்குள்ளும் கேட்டது.

அண்ணை றிமோட்டை அழுத்தினான்.

காருக்குள் நீலம் பரவியது. கதவோரங்களில் வளைந்து, பின்சீற்றுக்கு மேலே ஓடி, கவுனின் மடிப்பெல்லாம் கடல்போல நின்றது. சனம் "ஆ" என்றது. "என்ன வடிவு! வெளிநாட்டுக் கார் மாதிரி" என்று யாரோ சொன்னார்கள். வீடியோக்காரர் ஓடி வந்தார். அந்த ஒரு கணம் நானும் மறந்துபோனேன். அந்த வெளிச்சம் நான் செய்தது.

பிறகு அது ஒரு முறை தாழ்ந்து எழும்பியது.

வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் எத்தனையோ விளக்குகளைப் பார்த்தவள். வெளிச்சம் இப்படித் தாழ்ந்தால் பற்றரியை வேறு எதுவோ தின்கிறது என்று அர்த்தம். இரண்டாம் முறை தாழ்ந்தபோது நீலம் மங்கி, காரின் முன் லைற்றும் சேர்ந்து மங்கியது.

அண்ணை கியரைப் போட்டான்.

நான் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றேன். இரண்டு கையையும் பூவின் மேல் வைத்தேன். அண்ணை ஹோன் அடித்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்தது. பாண்ட்காரர் ஒருவர் ஊதுவதை நிறுத்தினார். பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள். கோயில் வாசல் முழுக்க என்னைப் பார்த்தது.

"இறங்குங்கோ!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. தகரம் கிழிந்ததுபோல வந்தது.

"டிலக்ஷி அக்கா, இறங்குங்கோ! வயர் எரியுது. உங்கடை நெற்றுக்குக் கீழை!"

"என்னடி செய்யிறாய்?" றோஸ் அன்ரி என் தோளைப் பிடித்து இழுத்தா. "கோயில் வாசலிலை ஏத்தின பொம்பிளையை இறங்கச் சொல்லுறியோ? எமில், உன்ரை தங்கச்சியை அங்காலை இழு!"

"வாயே திறக்காதவள் இண்டைக்குத் திறந்தாள் பார், என்ன வாய்!" என்றது ஒரு பொம்பிளைக் குரல்.

நான் பிடியை விடவில்லை. "இறங்குங்கோ அக்கா. பேந்து எனக்கு அடியுங்கோ."

கஜீபன்தான் முதலில் மூக்கைச் சுளித்தார். "எமில், என்னவோ மணக்குது. றப்பர் மணம்."

டிலக்ஷி அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, கவுனை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு குதித்தா. முன்சீற்றுக்குக் கீழே நெற் இழுபட்டு நின்றது. ஒரு இழுவை. கிழிந்து வந்தது. றஞ்சித் மற்றக் கதவால் பாய்ந்தார்.

"பொனற்!" என்று கத்தினேன். அண்ணை கைப்பிடியை இழுத்தான். பூவையும் றிபனையும் பிய்த்து எறிந்துவிட்டு மூடியைத் தூக்கினேன். சிவப்பு வயர் மெழுகுதிரிபோல இளகித் தொங்கியது. கிளிப்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு பொறி. கையில் சுட்டது. விடாமல் இழுத்துக் கழற்றினேன்.

நீலம் நூர்ந்தது. காருக்குள்ளிருந்து மெல்லிய புகை வந்து, கோயில் லைற்றின் வெளிச்சத்தில் கலைந்தது. நெருப்பு இல்லை. அவ்வளவுதான். பார்த்தவர்களுக்கு ஒரு வயர் கருகிய மணமும் நிலம் முழுக்கப் பூவும்தான்.

"இதுக்கோ என்ரை பிள்ளையை இறக்கினவள்?" என்று றோஸ் அன்ரி அழுதா.

"அம்மா, அழாதேங்கோ, வீடியோ எடுபடுது" என்றா டிலக்ஷி அக்கா. பிறகு சுற்றிப் பார்த்தா. மதிலடியில் நோர்மன் அண்ணை தன் ஓட்டோவில் சாய்ந்து நின்றார். யாரோ கிழவிகளைக் கோயிலுக்கு ஏற்றி வந்தவர். ஓட்டோவின் கூரையில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக லைற்றுகள் பாட்டுக்கு ஏற்றபடி மினுங்கிக்கொண்டிருந்தன.

"அதிலை லைற் இருக்குத்தானே" என்றா.

கவுனை அதற்குள் அடைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். மாப்பிள்ளையின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாண்ட் திரும்பவும் அடித்தது. அண்ணை காருக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தான். மண்டபத்துக்கு வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு முழுவதும் அவன் என்னோடு கதைக்கவில்லை. என் உள்ளங்கையில் கொப்புளம் வந்திருந்தது. அம்மா கற்றாழை பூசிவிட்டா. எனக்கு இன்னும் ஒரு மாப்பிள்ளை வரவில்லை என்ற எரிச்சலில் நான் பூவைப் பிய்த்தேன் என்று ஒழுங்கைக்குள் கதை போனது. எனக்குப் பதினேழு வயது.

மாலையில் அப்பா கடலுக்குப் போகச் சாமான் எடுத்துவைத்தார். அண்ணையைப் பார்த்து, "நாளைக்கு நீயும் வா" என்றார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றான்.

ஆனால் திங்கள் விடிய அவன் போகவில்லை. எழும்பிப் பார்த்தபோது காரின் முன்சீற்றைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே குந்தியிருந்தான்.

"ஜெசி, இஞ்சை வா."

போனேன். தண்டவாளத்தின் பல் வயரில் பதிந்த இடம் தெரிந்தது. அங்கேயிருந்து ஒரு முழத்துக்குச் சிவப்புத் தோல் இல்லை. உள்ளே கறுத்த செம்பு. அதன் வழியே கம்பளம் உருகி ஒரு வாய்க்கால்போலக் கிடந்தது. வாய்க்காலின் கரையில் மீன் செதிள் மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது.

நெற். கிழிந்து மிஞ்சிய துண்டு. ஓரம் முழுக்க உருகிப் பழுப்பாகச் சுருண்டிருந்தது.

அண்ணை அதைக் கத்தி நுனியால் கிளப்பி உள்ளங்கையில் வைத்தான். பிறகு எழும்பி நாலு வீடு தள்ளி நடந்தான். நான் படலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். றோஸ் அன்ரி விளக்குமாற்றோடு வெளியே வந்தா. அவன் கையை நீட்டினான். என்ன கதைத்தான் என்று கேட்கவில்லை. விளக்குமாறு அவவின் கையிலிருந்து நழுவியது மட்டும் தெரிந்தது. அவ எங்கள் படலையை ஒருமுறை பார்த்தா. நான் ஒளிந்துகொள்ளவில்லை.

அவன் திரும்பி வந்தபோது அப்பா கரையிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"பியூஸ் எங்கை?" என்றான் அண்ணை.

செபமாலைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் கண்ணாடிக்குள் இருந்த மெல்லிய கம்பியைப் பார்த்தான்.

"திரும்பப் போடலாமோ?"

"போடலாம்" என்றேன். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "ஆனா போட் வயர் வேண்டாம்."

அப்பா நிமிரவில்லை. வலையை உதறிய கை மட்டும் நின்றது.